நிர்வாகியை அணுகவும்

ஜனவரி 12, திங்கள்

டாக்டர் சீதாலட்சுமி சொல்லித்தான் இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் கை போவதற்கு முன்னால் பேனா போகணுமாம். ஆஸ்பத்திரிக்கு முதலாளியே அவர்தான், அதனால் எழுதுகிறேன். மற்றபடி எனக்குக் கோபம் அதிகம் என்பது நாலு பேர் சேர்ந்து கட்டிவிட்ட கதை.

ஈரோட்டில் இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. போன மாதம் ஒரு கீபோர்டு உடைந்தது. உடைந்த துண்டு என் கீழே வேலை செய்யும் நவநீதனின் புருவத்தில் பட்டு, தையல் போட்டார்கள். நான் சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். அவன் ஏன் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும்? இதற்குப் போய் எச்சரிக்கைக் கடிதம், இந்த நோட்டு.

அதே வாரம் சுகந்தி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கோபிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கணவன் மனைவிக்குள் வரும் சாதாரண வாக்குவாதம்தான். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள்: "பூசம் முடியற வரைக்கும் யாரு மேலயும் கை வைக்காம இருங்க மாமா. இருந்துட்டீங்கன்னா நானே பொட்டியத் தூக்கிட்டு வந்தர்றேன். இல்லீன்னா என்னையும் நிறைமதியையும் மறந்துருங்க."

இருந்து காட்டுகிறேன். இது ஒரு பெரிய விஷயமா?

ஜனவரி 13

பழனிக்கு மாலை போட்டுக்கொண்டேன். காவி வேட்டி, வெறுங்கால், ஒருவேளைச் சாப்பாடு. மாலை போட்டவன் கோபப்படக் கூடாது, முருகனே பார்த்துக்கொள்வான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நவநீதன்கூட. அவன் வாயில் அந்தச் சொல் வரும்போது உடனே ஒரு எட்டு பின்னால் போகிறான். பக்தி போலிருக்கிறது.

ஜனவரி 15

பொங்கல். தனியாக வைத்தேன். அடி பிடித்துவிட்டது. பானையைத் தோட்டத்தில் எறிந்தேன். பானை மனுஷன் இல்லை, கணக்கில் வராது.

ஜனவரி 19, திங்கள்

புதிய சேமிப்புப் பெட்டி வந்து இறங்கியது. ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள் எல்லாம் இனி இதற்குள்தான். பழைய பெட்டி உயிரை விடும் நிலையில் இருந்ததால் படங்களை எல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு சர்வர்கள் இந்த ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும், கூட்ட நேரத்தில் இரண்டும் சுமையைப் பிரித்துக்கொள்ளும்.

முதல் சர்வரை அணு அணுவாக நானே அமைத்தேன். இரண்டாவதுக்கு மறுபடியும் அதே பாடுபடுவானேன்? முதல் சர்வரை அப்படியே முழுசாக நகல் எடுத்து, முகவரியை மட்டும் மாற்றி, இரண்டாவதில் இறக்கிவிட்டேன். மற்றவர்கள் ஒரு நாள் செய்வதை நான் மத்தியானத்துக்குள் முடித்தேன்.

நவநீதன் பின்னால் நின்று, "சாமி, அந்தப் பேரு வந்து..." என்று ஆரம்பித்தான். "வாய மூடு" என்றேன். மூடிக்கொண்டான்.

சாயங்காலம் திரையில் ஒரு செய்தி வந்தது. ‘இணைப்பு தோல்வியுற்றது. அறியப்படாத பிழை. உங்கள் நிர்வாகியை அணுகவும்.’

நான்தான்டா நிர்வாகி!

ஜனவரி 20

நாள் முழுக்க இதேதான். முதல் சர்வர் பெட்டியோடு சேரும், கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். அறுந்ததும் இரண்டாவது சேரும். முதலாவதைத் திரும்ப எழுப்பினால் இரண்டாவது விழும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: அறியப்படாத பிழை. அறியாத கழுதைக்குத் திரை எதற்கு, எழுத்து எதற்கு? இதை எழுதினவன் எங்கே உட்கார்ந்து எழுதினான், அவன் வீட்டு முகவரி என்ன என்று தெரிந்தால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நடை போய்வருவேன்.

சேமிப்புப் பெட்டியின் பக்கம் போய்ப் பார்த்தேன். அது இன்னும் மோசம். ‘அமர்வு முடிந்தது.’ யார் முடித்தது, எதற்கு முடித்தது, ஒன்றும் கிடையாது. ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, ‘வெளியே போய்விட்டார்’ என்று மட்டும் எழுதி வைத்தது மாதிரி.

கேபிளை மாற்றினேன். ஸ்விட்சை மாற்றினேன். சர்வர்கள் நிற்கும் இரும்பு ரேக்கை உதைத்தேன். வெறுங்கால், பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ரத்தத்தைத் துடைக்க நவநீதன் பஞ்சு கொண்டுவந்தான். குனிந்து துடைக்கும்போது, "ஒரு சர்வர மட்டும் ஓட்டிப் பாக்கலாங்களா சாமி? இன்னொன்ன அணைச்சு வெச்சுட்டு?" என்றான்.

"எனக்குப் பாடம் எடுக்கறயா?"

"இல்லீங்க சாமி."

எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லித் தர வந்துவிட்டான். இரண்டு சர்வர் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சண்டை போட்டு வாங்கியவன் நான். ஒன்றை அணைத்து வைத்தால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

ஜனவரி 21, புதன்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் போலீஸ் கேட்டால் எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

காலையில் பெருந்துறை ரோட்டில் பைக்கும் லாரியும் மோதி, கால் நசுங்கிய ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் நிச்சயமான பையன். ஸ்கேன் எடுத்தார்கள். படம் பெட்டிக்குள் போனது. ஆபரேஷன் தியேட்டரில் திறந்தால் அறியப்படாத பிழை. திரும்ப எடுத்தார்கள். அதுவும் உள்ளே போய் வெளியே வரவில்லை. டாக்டர்கள் படம் இல்லாமல் காலைத் தொட மாட்டோம் என்றார்கள். சொந்தக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

முதலில் வரவேற்பறைக் கண்ணாடி போனது. அப்புறம் பூந்தொட்டி. "எவன்டா கம்ப்யூட்டர் பாக்கறவன்?" என்று கத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். நவநீதன் நிலைமையைச் சொல்லலாம் என்று வெளியே போனான், முட்டாள். அவன் "அண்ணா" என்று சொல்வதற்குள் ஒருத்தன் அவன் சட்டையைப் பிடித்தான், இன்னொருத்தன் வயிற்றில் குத்தினான். அவன் மடங்கி உட்கார்ந்ததும் செருப்புக் காலால் முதுகில் மிதித்தார்கள்.

நான் போனேன். கையில் கிடைத்தது ஒரு இரும்பு ஸ்டூல். அதன் காலைப் பிடித்து வீசினேன். ஒருத்தன் முழங்கையில் பட்டது, பட்ட சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. இன்னொருத்தன் சாமியார் என்று நினைத்தோ என்னவோ ஒரு நொடி தயங்கினான். அவனுக்குத் தோளில். மூன்றாவதாக வந்தவன் வயசானவன், அந்தப் பையனின் அப்பா என்று அப்புறம்தான் சொன்னார்கள். அவர் அடிக்க வந்தாரா, தடுக்க வந்தாரா என்று யார் நின்று பார்ப்பது? அவர் நெற்றியில் ரத்தம் வந்ததும்தான் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், மூன்று நாளுக்கப்புறம் உடம்பு லேசாக இருந்தது. இரவு நன்றாகத் தூங்குவேன்.

இது கணக்கில் வராது. தற்காப்பு. நவநீதனைக் காப்பாற்றப் போனேன். சுகந்தியிடம் சொன்னால் அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 22

அந்தப் பையனைக் கோவைக்குக் கொண்டுபோனார்களாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். நேரம் தாண்டிவிட்டதாம்.

பெட்டி செய்த கம்பெனிக்காரனை நிற்கவைத்துச் சுட வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

டாக்டரம்மா கூப்பிட்டார். இனி படங்களைக் குறுந்தட்டில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது என்று ஏற்பாடு. வார்டு பையன்கள் எல்லாம் ஓட்டப்பந்தயம் விடுகிறார்கள். மாசக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்றார்.

போகட்டும். ஆனால் கூடவே ஒரு வார்த்தை விட்டார். "குருபரன், உங்க வைஃப் அன்னைக்குக் காதைப் புடிச்சுட்டு வந்தப்ப நாந்தான் பாத்தேன். ஜவ்வு கிழிஞ்சிருந்தது. சளி புடிச்சதுன்னு சொன்னாங்க. சளியில அப்படிக் கிழியாது. நான் அன்னைக்கு மேல கேட்டிருக்கணும்."

சர்வருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அவள் சளி என்று சொன்னால் சளி.

ஜனவரி 25, ஞாயிறு

நிறைமதியோடு போனில் பேசினேன். அஞ்சாம் வகுப்பு, நன்றாகப் படிப்பாள். அவள் மேல் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன்.

"என்ன கண்ணு பண்ணறே?"

"ஒண்ணுமில்லப்பா."

"பள்ளிக்கூடத்துல என்ன நடந்துது?"

"ஒண்ணுமில்லப்பா."

"அம்மா என்ன சொல்றா?"

"ஒண்ணுஞ் சொல்லலப்பா."

"அப்பா மேல கோவமா?"

"இல்லப்பா." அப்புறம், "வெச்சர்ட்டுமாப்பா?" என்றாள்.

ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் வருகிறதா பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான். நாளை மறுநாள் எல்லோரும் கோபியிலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். நானும் போயிருக்க வேண்டியது. பெட்டி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. பூசத்தன்று சென்னிமலை ஏறி அங்கேயே மாலையைக் கழற்றிக்கொள்வேன், எல்லாம் ஒரே முருகன்தான்.

ஜனவரி 27

அறியப்படாத பிழை. அறியப்படாத பிழை. அறியப்படாத பிழை. டீ கிளாஸ் இரண்டு உடைந்தன.

ஜனவரி 30, வெள்ளி

கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்தது நான்தான், ஏனென்றால் போன் போட்டது நான்.

பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். பெங்களூரிலிருந்து ரெஹானா என்று ஒரு பெண் எடுத்தாள், நல்ல தமிழ். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவள் மேல் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "சார், நீங்க கத்துனா நான் லைனைக் கட் பண்ணலாம்னு எங்க கம்பெனியில ரூல் இருக்கு. பண்ணட்டுமா, இல்ல பிரச்சனையப் பாக்கட்டுமா?" என்றாள். ஒரு பொடிப் பெண்ணுக்கு எவ்வளவு திமிர். முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற தைரியம், வேறென்ன?

"பாரு" என்றேன்.

இரண்டு சர்வரிலும் ஒரு கட்டளையை அடிக்கச் சொன்னாள். நவநீதன் அடித்தான். அவள் சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "சார், ஒவ்வொரு சர்வரும் பெட்டிகிட்ட தன் பேரைச் சொல்லித்தான் உள்ள வரும். உங்க ரெண்டு சர்வரும் ஒரே பேரைச் சொல்லுது. ஒருத்தர் உள்ள இருக்கும்போதே அதே பேர்ல இன்னொருத்தர் வந்தா, பழைய ஆள் செத்துட்டார்னு நெனச்சு பெட்டி அவரை வெளிய தள்ளிடும். ஒண்ணைக் காப்பி பண்ணி இன்னொண்ணைச் செஞ்சீங்களா?"

நவநீதன் இரண்டாவது சர்வருக்கு வேறு பெயரை அடித்தான். இரண்டும் சேர்ந்தன. அறுந்துபோகவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

போனை வைத்ததும் நவநீதனைப் பார்த்தேன். அவன் அந்தக் கட்டளையை அடித்தபோது ஆச்சரியமே படவில்லை. வேறு பெயரைக்கூட யோசிக்காமல் அடித்தான், முன்னாலேயே மனசில் தயாராக வைத்திருந்த மாதிரி.

"உனக்குத் தெரியுமா?"

கீபோர்டைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தான்.

"எப்ப இருந்து?"

"மொத நாளே தெரியுங்க சாமி."

"ஏன்டா சொல்லல?"

"சொல்ல வந்தனுங்க. வாய மூடச் சொன்னீங்க."

"பதினொரு நாளு! ஒருத்தனுக்குக் காலு போச்சு! உன்னைய மிதிச்சாங்க! அப்பக்கூட வாயத் தொறக்க மாட்டியா?"

அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவங்க மிதிச்சது பரவால்லீங்க சாமி" என்றான்.

அப்புறம் என்ன நடந்தது என்பது தெளிவாக இல்லை. கை பட்டது. அவன் தடுமாறினான். கை இன்னும் ஒன்றிரண்டு தடவை பட்டிருக்கலாம். விழும்போது என் மாலையைப் பிடித்துக்கொண்டான், அது அறுந்து மணி எல்லாம் தரையில் சிதறிவிட்டது. மாலையை அறுத்தது அவன்தான், இதையும் குறித்து வைக்கிறேன். ரேக்கின் இரும்புக் கதவில் அவன் தாடை மோதியது. கதவைத் திறந்து வைத்திருந்தது யார்? அவன்தான்.

கீழே கிடந்தவன் எழவில்லை. கையை மட்டும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சுருண்டிருந்தான். "எந்திரிடா" என்று காலால் தட்டினேன். தட்டினேன் என்றுதான் எழுதுவேன்.

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அவனே நடந்து போனான். பல் இரண்டு போய்விட்டதாம், மணிக்கட்டில் விரிசலாம். நர்ஸ் எப்படி என்று கேட்டதற்குப் படியில் விழுந்துவிட்டேன் என்றானாம். சர்வர் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. படியே கிடையாது. ஆனாலும் நர்ஸ் எழுதிக்கொண்டாள். நல்ல பையன்.

ஜனவரி 31

டாக்டரம்மா கை கொடுத்தார். படங்கள் நொடியில் திறக்கின்றன. நவநீதன் லீவு. கடைத்தெருவில் புது மாலை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 1, ஞாயிறு, பூசம்

சென்னிமலையில் நல்ல கூட்டம். மாலையைக் கழற்றினேன். நகம் பெயர்ந்த விரலோடு அத்தனை படியும் ஏறினேன்.

சுகந்தி பழனியிலிருந்து போன் செய்தாள். "இருந்தீங்களா மாமா?" என்று ஒரே கேள்வி.

"இருந்தேன்" என்றேன்.

அழுதாள் என்று நினைக்கிறேன். கூட்டத்தின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "அப்ப நாளைக்கு வர்றனுங்க" என்றாள். வீடு பூராவும் கழுவிவிட்டேன். நிறைமதிக்குப் பிடித்த முறுக்கு வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குமே கண் கலங்கியது, எழுதுவதற்கு என்ன வெட்கம்?

பிப்ரவரி 2, திங்கள்

வந்தாள். பெட்டியோடு வந்தாள். பாப்பாவை மட்டும் கோபியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முதலில் தான் வந்து பார்த்துவிட்டுக் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

பஞ்சாமிர்தத்தைக் கையில் கொடுத்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். நான் சேமிப்புப் பெட்டியின் கதையை எடுத்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு சர்வர், ஒன்றை ஒன்று வெளியே தள்ளியது, ரெஹானாவின் திமிர், எல்லாம். சிரிப்பாள் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "நவநீதன் தம்பிக்கும் தெரியலீங்களா? கெட்டிக்காரத் தம்பியாச்சே" என்றாள்.

"அவன் லீவு."

"எதுக்குங்க லீவு?"

"ஒண்ணுமில்ல. ஒடம்பு சரியில்ல."

சோற்றில் இருந்த கையை எடுத்துக் கழுவினாள். போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது, எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். எனக்கும் எல்லாம் கேட்டது.

"தம்பி, நா அக்கா பேசறேன். என்னாச்சு ஒடம்புக்கு?"

அவன் வாய்க்குள் கட்டு இருந்ததால் பேச்சு குழறியது. "ஒண்ணுமில்லீங்க்கா. படியில விழுந்துட்டேன்."

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் குரலே உயராமல், "நானும் அந்தப் படியிலதான் விழுந்தேன் தம்பி. மூணு தடவ" என்றாள். "எந்திரிச்சு வாசலுக்கு வாங்க. ஆட்டோவுல வர்றேன். ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிப்போட்டு வந்தரலாம்."

நான் எழுந்தேன். "சுகந்தி" என்றேன். அவள் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. திறக்காத பெட்டி கூடத்திலேயே கிடக்கிறது, நான் செருப்பைத் தேடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

பிப்ரவரி 3

ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். இந்த நோட்டு என் பையில் இருந்தது. எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் படிக்க வேண்டும் என்கிறார், படிக்கட்டும், இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஏட்டு அவர்கள் கொடுத்த புகாரைச் சத்தமாகப் படித்தார். நவநீதனுடையது இரண்டு பக்கம். சுகந்தியுடையது ஏழு. எந்தத் தேதி, எந்த அறை, எந்தக் கை, முதலில் எங்கே பட்டது, அப்போது நிறைமதி எந்தக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அடுத்த நாள் டாக்டரிடம் என்ன பொய் சொன்னாள், அந்தப் பொய்யை யார் சொல்லித் தந்தது. ஒரு வரி தெளிவில்லாமல் இல்லை. ஏட்டு நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவளும் நவநீதனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "இத்தனையும் மனசுல வெச்சுட்டு இருந்தயே, ஒரு நாளாவது எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லல?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். யாரும் கேட்கக்கூடியதுதான்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கை இருந்தது, விரல்களை எல்லாம் மடக்கிக்கொண்டு.